நரிக்கும் ஒரு சிலை

யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் பக்டன் பைக்னு ஒரு மலை. உயரம் 702 மீட்டர். நம்ம ஊர்க் கணக்குல இதெல்லாம் மலையே இல்லை. ஆனா உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே, மரம்கூட இல்லாத சதுப்பு மேட்டில், ஒரு கல் சிலுவை தனியா நிக்குது. அதைப் பார்க்கத்தான் ஏறினேன். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. ஜூன் மாசக் காத்தே காதைப் பிய்க்குது.

1942 ஜனவரி கடைசி. பயிற்சிக்குக் கிளம்பின வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் பனிப்புயலில் சிக்கி இந்த மேட்டில் மோதியது. உள்ளே ஆறு பேர், எல்லாரும் போலந்துக்காரங்க. 1939ல ஜெர்மனியும் ரஷ்யாவும் அவங்க நாட்டைப் பங்கு போட்டுக்கிட்டதால பிரிட்டனுக்கு வந்து பறந்தவங்க. ஐந்து பேர் இறந்துட்டாங்க. வால்பக்கத் துப்பாக்கி வீரர் ஜோ ஃபூஸ்னியாக் மட்டும் கணுக்கால் முறிஞ்சு பிழைச்சார். எந்தப் பக்கம் இறங்கறது? பனியில் ஒரு நரியோட காலடித் தடம். பசிச்ச நரி ஊர்ப்பக்கம்தான் போகும்னு கணக்குப் போட்டு, தடத்தைப் பிடிச்சே கீழே க்ரேங்கிற குக்கிராமத்துக்கு வந்து சேர்ந்தார் மனுஷன்.

1973ல சிலுவையை வச்சது அரசாங்கமில்லை, அவரேதான். பீடத்தில் விமானத்தின் உடைசல்களைப் பதிச்சிருக்கார். கூடவே சின்னதா ஒரு வெண்கல நரித்தலை.

லண்டன் கிரீன் பார்க்கில் 2012ல திறந்த பாம்பர் கமாண்ட் நினைவிடத்தையும் பார்த்திருக்கேன். பெரிய தூண்கள், ஏழு வெண்கல வீரர்கள். குத்தம் சொல்லலை, 55,573 பேரைப் பறிகொடுத்த படை. ஆனா ஐயாயிரம் பேருக்கும் மேல் பயிற்சியிலேயே செத்தாங்க. மேகத்துக்குள்ள மலை இருக்குன்னு தெரியாம மோதினவங்க இதில் எத்தனையோ பேர். எதிரியே இல்லாத இந்தச் சாவு அந்தச் சிலைகள்ல எனக்குத் தெரியலை. இங்கே தெரிஞ்சுது.

"இதைக் கீழே ரோட்டோரமா வச்சிருந்தா வயசானவங்களும் பார்க்கலாமே"ன்னு கூட வந்த நண்பர் சொன்னார். நியாயம்தான், ஆனாலும் எனக்கு ஒப்பலை. ரெண்டு காலும் நல்லா இருந்து, மேப்பும் வெளிச்சமும் இருந்தே, இறங்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை வழி தப்பிடுச்சு. அந்தச் சரிவைக் கழிச்சுட்டா நரித்தலை வெறும் அலங்காரம். ஏற முடியாதவங்களுக்கு ஒண்ணு: அந்த ஐந்து பேரும் அடக்கமானது நியூவர்க் கல்லறையில். அங்கே கார்லயே போகலாம்.