இருட்டியதும் மறையும் காட்சி



2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் இரவு, கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில் நடந்த நிகழ்ச்சியை நம் பகுதி மக்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். தோப்பு வீட்டின் வாசலில் தனியே அமர்ந்திருந்த முதியவர் ஒருவரை, முகமூடி அணிந்த ஒருவன் பின்புறமாக வந்து துண்டால் கழுத்தை இறுக்கினான். வீட்டினுள்ளிருந்து ஓடி வந்த அவருடைய மனைவி கையில் அகப்பட்ட செருப்பையும் நாற்காலியையும் எடுத்து வீசினார். அரிவாளுடன் வந்திருந்த இருவரையும் அந்தத் தம்பதியர் எதிர்த்து நின்று விரட்டியடித்தார்கள். அந்த அம்மையாருக்குக் கையில் காயம். கழுத்துச் சங்கிலியும் பறிபோயிற்று. ஆயினும் அவர்களுடைய துணிவை உலகமே கண்டு வியந்தது. நான்கே நாட்களில், சுதந்திர தின விழாவில், தமிழக அரசு அவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது.

உலகம் கண்டது என்றேன். எப்படிக் கண்டது? அவ்வீட்டு முகப்பிலிருந்த கண்காணிப்புக் கேமரா அந்த இரவு நேரத்தில் விழித்திருந்தது; அதனால் கண்டது. அக்கேமரா பகலில் மட்டும் வேலை செய்து, இருட்டியதும் கண் மூடும் இனத்தைச் சேர்ந்ததாக இருந்திருந்தால்?

அப்படியும் ஓர் இனம் உண்டோ என்று நகைக்க வேண்டாம். கடையநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலேயே அது இருந்தது. வீட்டுத் தலைவர் ரியாத்தில் பணிபுரிகிறார். வீட்டில் அவருடைய மனைவியும், வயது முதிர்ந்த தாயாரும், பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் மட்டுமே. சென்ற விடுமுறையில் வந்தவர் நான்கு கேமராக்களைப் பொருத்திவிட்டுச் சென்றார். தெருவைப் பார்த்து இரண்டு, மாடிப்படியில் ஒன்று, கொல்லைப்புறத்தில் ஒன்று. அங்கிருந்தபடியே கைபேசியில் வீட்டைப் பார்த்து ஆறுதல் அடைவார்.

ஆனால் நாள்தோறும் மக்ரிப் தொழுகை முடிந்து சற்று நேரத்திற்கெல்லாம் கொல்லைப்புறக் காட்சி மறைந்துவிடும். சில சமயம் நொடிப் பொழுது தோன்றும், மீண்டும் மறையும். காலையில் ஒரு குறையும் இராது. கேமராவில்தான் பழுது என்று இரண்டு முறை புதிய கேமரா மாற்றப்பட்டது. பயனில்லை. ஒருநாள் அவர் தொலைபேசியில், "ராத்திரியானால் கொல்லைக் கேமராவை யார் அணைக்கிறது?" என்று கேட்டுவிட்டார். எந்தக் கருத்தோடு கேட்டாரோ, நானறியேன். ஆனால் கேட்ட பெண்ணின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாயார்தான் தொலைபேசியை வாங்கி, "இந்த வீட்டில் யாரும் எதையும் அணைக்கவில்லை" என்று கண்டிப்பாகச் சொன்னாராம். மறுநாளே எனக்கு ஆள் அனுப்பினார். "தம்பி, நீயாவது வந்து பார். இந்தப் பெட்டியால் என் வீட்டில் நிம்மதி போய்விட்டது" என்றார்.

பார்த்ததில் தெரிந்தது இதுதான். கேமராவில் ஒரு பழுதும் இல்லை. அதற்குப் போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

இதைப் புரிந்துகொள்ள நம் தெருக் குடிநீர்க் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். குழாயில் நீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். சாதாரணக் கேமராக்கள் பலவற்றுக்கும் 12 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. சுவரிலுள்ள 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் அடாப்டரின் வேலை. வோல்ட் என்பது கேமராவில் எழுதியிருப்பதற்கு ஒத்தே இருக்க வேண்டும்; கூடினால் கருகும். ஆம்பியர் அப்படியன்று. அடாப்டரில் 5 ஆம்பியர் என்றிருந்தால் அது ஐந்தையும் கேமராவுக்குள் திணித்துவிடாது. கேமரா கேட்கும் அளவையே கொடுக்கும். "அதிக ஆம்பியர் போட்டால் கேமரா எரிந்துவிடும்" என்று அஞ்சிச் சிறிய அடாப்டரை வாங்குவோர் நம்மில் பலர். கடைகளிலும் சிலர் அவ்வாறே சொல்லிவிடுகிறார்கள். தொட்டி பெரிதாக இருப்பதால் குவளை உடைந்துவிடுமா, என்ன?

மேற்படி வீட்டில் நான்கு கேமராக்களுக்கும் சேர்த்து 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றே இருந்தது. அதிலிருந்து நான்காகப் பிரியும் வயர். பகலில் ஒவ்வொரு கேமராவும் 0.2 ஆம்பியர் அளவே எடுத்தது, நான்குக்கும் 0.8. தாராளம்தான். இருட்டியதும் கேமராவின் முகத்தைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் தாமே எரியத் தொடங்குகின்றன. அவற்றின் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மிஞ்சினால் மங்கிய சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். கேமரா இருளில் காண்பது அந்த ஒளியால்தான். அவை எரிந்தவுடன் ஒவ்வொரு கேமராவும் 0.45 ஆம்பியர் கேட்டது. மொத்தம் 1.8. அடாப்டர் தன் முழுச் சக்திக்கு அருகில் சென்று திணறியது. அதில் 12 வோல்ட்டுக்குப் பதிலாக 11.4 தான் நின்றது.

சரி, அப்படியானால் நான்கு கேமராக்களுமல்லவா அணைந்திருக்க வேண்டும்? கொல்லைப்புறத்தது மட்டும் ஏன் அணைந்தது? இங்கேதான் நம்மூர் வீட்டின் அமைப்பு குறுக்கே வருகிறது. பழைய நெசவாளர் தெருக்களிலுள்ள வீடுகள் பலவும் அகலம் குறைந்து, தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடப்பவை. முன்னறையிலிருந்த அடாப்டரிலிருந்து மாடியேறி, வளைந்து, இறங்கிக் கொல்லைப்புறம் சேர அந்த வயர் 45 மீட்டர் ஓடியிருந்தது. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாகையால் 90 மீட்டர் என்று கணக்கிட வேண்டும். கேமராவுக்கு இழுக்கும் கேபிளில் உள்ள செப்புக் கம்பி மயிரிழை போன்றது. அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பியானால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் தடை. 90 மீட்டருக்கு ஏழரை ஓம். பகலில் 0.2 ஆம்பியர் ஓடுகையில் வழியில் ஒன்றரை வோல்ட் தொலைந்து 10.5 வோல்ட் போய்ச் சேரும். கேமரா எப்படியோ சமாளித்துக் கொள்ளும். இரவில் 0.45 ஆம்பியர் ஓடுகையில் 3.4 வோல்ட் தொலைகிறது. ஏற்கனவே 11.4 ஆகச் சோர்ந்துவிட்ட அடாப்டரிலிருந்து கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது 8 வோல்ட். கேமரா அணைகிறது. அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட் உயர்கிறது, உடனே உயிர் பெறுகிறது, விளக்குகள் எரிகின்றன, மீண்டும் அணைகிறது. தோன்றி மறைந்ததன் மர்மம் இதுவே. தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் நீர் நூலாக ஒழுகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அடாப்டரை மட்டும் மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பதைக் கவனியுங்கள். 5 ஆம்பியர் மின்பெட்டியை வைத்து முழு 12 வோல்ட் கொடுத்தோம். கொல்லைக்குச் சேர்ந்தது 8.6 தான். பிறகு கொல்லைப்புறக் கேமராவுக்கு மட்டும் ஒரு சதுர மில்லிமீட்டர் செப்பு வயரைத் தனியாக இழுத்தோம். வழியில் முக்கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு; கேமராவின் வாயில் 11.3 வோல்ட் நின்றது. செலவானது வயரும் ஒரு நாள் கூலியும். முன்னர் வீணாக மாற்றிய இரண்டு கேமராக்களின் விலை இதைவிட அதிகம்.

மின்பெட்டியின் உள்ளே ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருப்பினால் வோல்ட்டை உயர்த்தலாம். எலெக்ட்ரீஷியன்கள் சிலர் அந்தக் குறுக்கு வழியை நாடுவார்கள். தூரத்துக் கேமரா பிழைக்கும். பக்கத்துக் கேமராவின் ஆயுள் குறையும். நான் அதை விரும்புவதில்லை.

ஆகவே வாங்கப் போகுமுன், ஒவ்வொரு கேமராவின் அடியிலும் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது எவ்வளவு என்ற அளவே நமக்குத் தேவை. வாட் கணக்கில் போட்டிருந்தால் 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 6 வாட் என்றால் அரை ஆம்பியர். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு கேமராவுக்கு 5 ஆம்பியர் பெட்டியும், எட்டுக்கு 10 ஆம்பியர் பெட்டியும் வைப்பது வழக்கம். அது நல்ல வழக்கமே. பதிவுக் கருவியை அதே பெட்டியில் இணைக்காதீர்கள். அதனுள் உள்ள ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கக் கூடும். அதனுடன் வந்த அடாப்டரே அதற்கு இருக்கட்டும். தலையில் சுழலும் ரகப் பெரிய கேமரா வைப்பவர்கள் அதற்கெனத் தனி மின்வழி செய்ய வேண்டும்.

வயர் வாங்கும்போது "செம்புதானா?" என்று கேட்டால் மட்டும் போதாது. அலுமினியத்தின் மீது செம்பு பூசிய கம்பி மலிவாக விற்கிறது, பார்வைக்குச் செம்பேதான். அதன் தடை செம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து அடாப்டர் கொண்டு வருவது நம் மக்களின் பழக்கம். சிங்கப்பூரில் 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று அமைப்புக் கண்ட ஊர் அல்லவா நம்முடையது! கொண்டு வரும் அடாப்டரில் "100-240" வோல்ட் என்றிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்கும் ஓடும். சவூதி வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ட் வழக்கத்தில் இருந்தது. அக்காலத்துப் பழம்பொருள் எதையாவது நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். உள்ளூரில் வாங்கும் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

புதிதாக வீடு கட்டுவோருக்கு வேறொரு நல்ல வழி உண்டு. கணினி வலைக் கேபிள் ஒன்றிலேயே படமும் மின்சாரமும் செல்லும் முறை 2003-இல் தரப்படுத்தப்பட்டது. அதில் 48 வோல்ட் அளவில் மின்சாரம் செல்கிறது. 6 வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் வேண்டும். 48 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். அதனால் வழியில் வீணாகும் மின்சாரம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. கூடங்குளத்திலிருந்து 400 கிலோவோல்ட்டில் மின்சாரத்தை அனுப்புவதும் இதே தத்துவத்தால்தான். 100 மீட்டர் வரை கவலையில்லை. "வைஃபை கேமராவுக்கு வயரே தேவையில்லையே" என்று ஒரு நண்பர் வாதிட்டார். படத்துக்குத்தான் வயர் தேவையில்லை; பசிக்கு வேண்டும். அவர் அதற்குப் பழைய கைபேசி சார்ஜர் ஒன்றைப் போட்டிருந்தார், அரை ஆம்பியர். கேமராவோ 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கேட்பது!

இனி, மின்சாரம் நின்றுபோகும் வேளை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில் வரும், முன்னறிவிப்பும் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று மரக்கிளையை வயர் மீது தள்ளும்போது முன்னறிவிப்பு ஏது? 2012-இல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் வீடுகள் பலவற்றில் மீட்டரும் மெயின் சுவிட்சும் தெருத் திண்ணையிலேயே இருக்கின்றன. தீய எண்ணத்துடன் வருபவன் அதை அணைத்துவிட்டு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குப் பூட்டுள்ள பெட்டி ஒன்று போடுங்கள். கேமராக்களை இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

நான்கு கேமரா, பதிவுக் கருவி, இணையப் பெட்டி எல்லாம் சேர்ந்து, இழப்புடன் 60 வாட் என்று கொள்வோம். கணினிக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ்.ஸில் உள்ள 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி இவற்றை மட்டும் சுமந்தால் பதினாறு மணி நேரம் அளவுக்கு ஓடும்; 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டு கூடச் சுழன்றால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்வெர்ட்டரின் பின்புறம் யு.பி.எஸ். நிலை என்றொரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். இல்லையேல் ஒவ்வொரு தடையின்போதும் பதிவுக் கருவி அணைந்து எழும். இணையப் பெட்டியை மறந்துவிட்டால் வீட்டில் பதிவு நடக்கும்; ரியாத்தில் ஒன்றும் தெரியாது. அந்தக் கேள்வி மறுபடியும் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் மிகும். மின்பெட்டி உலோகத்தாலானதாகையால் மூன்று முனைப் பிளக்கும் சரியான எர்த்தும் அவசியம். துளைகளை அடையுங்கள், பல்லி உள்ளே சென்று செத்து, பெட்டியும் செத்ததை ஒரு வீட்டில் கண்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் வயர் மாற்றியபோது கேமராவின் முகத்தையும் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினோம். அதுவரை அண்டை வீட்டுக் கிணற்றடியும் அதில் தெரிந்துகொண்டிருந்தது. பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வரும் பெண்கள் அடுத்தவர் திரையில் தெரிவது முறையாகாது என்று தாயார்தான் சுட்டிக் காட்டினார்.

அன்று இரவு பத்தரை மணிக்கு ரியாத்திலிருந்து அழைப்பு வந்தது. கொல்லைப்புறத்து முருங்கை மரம் தெளிவாகத் தெரிகிறது என்றும், யார் வந்து சரி செய்தது என்றும் மகன் கேட்டார். "வயர் மெலிந்து கிடந்ததாம், அதுதான் காரணமாம்" என்றார் தாயார். பிறகு தொலைபேசியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, "முதலில் இவளிடம் பேசு" என்று சொல்லி உள்ளே சென்றுவிட்டார்.