ஒரே பாயில் தாயும் சேயும்



ஜூன் 21 நெருங்கினால் யோகா பற்றிய கடிதங்கள் நமக்கு நிறைய வரும். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளை சர்வதேச யோகா தினமாக அறிவித்ததிலிருந்தே இப்படித்தான். இந்த முறை என் மனதில் தங்கியவை, கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் எழுதியவை. “முன்பெல்லாம் தினமும் யோகா செய்வேன். இப்போது பிள்ளையைக் கீழே விட முடியவில்லை. இனி எப்போது ஆரம்பிப்பது?” ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளையையும் பாயில் சேர்த்துக்கொண்டே ஆரம்பியுங்கள். இதுதான் என் பதில். அது தூங்கும் நேரத்துக்காகக் காத்திருந்தால், அந்த நேரத்தைத் துணி துவைப்பதும் சமையலும் எடுத்துக்கொண்டுவிடும்.

பிரசவமான பெண்ணை நம் வீடுகள் அருமையாகத்தான் பார்த்துக்கொள்கின்றன. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம், வயிற்றுக்குத் துணிக்கட்டு என்று அம்மா வீட்டில் ஒரு குறையும் இருக்காது. புகுந்த வீட்டுக்குத் திரும்பியதும் எல்லோர் கண்ணும் குழந்தைமேல் போய்விடுகிறது. எடை கூடியதா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பவர்கள், குனிந்தே பால் கொடுத்து அவள் தோள்பட்டை இறுகிக் கிடப்பதைக் கேட்பதில்லை. இடுப்பு வலியை அவளே பொறுத்துக்கொள்கிறாள். தும்மினால் சிறுநீர் கசிவதைத் தாயிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிறாள். இவையெல்லாம் பிரசவத்துக்குப் பின் பலருக்கும் வருபவை. சரியான பயிற்சியால் பெரும்பாலும் குறையக்கூடியவை.

பிஞ்சுக் குழந்தைக்கு எதற்கு யோகா என்று பெரியவர்கள் கேட்கலாம். ஆசனம் எதையும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் உடம்பை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள்! ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் உட்கார்ந்து கைகொட்டுகிறது. இப்படி அது தானாகவே வளைந்து நிமிரத் தரையும் நேரமும் வேண்டும், எதிரே பார்க்க ஒரு முகம் வேண்டும். இன்னும் தவழாத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாள் முழுவதுமாகச் சேர்த்து 30 நிமிடமாவது குப்புறப் படுக்கவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் இதற்காகத்தான். தூங்கவைக்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கவே படுக்க வையுங்கள்.

எண்ணெய் தேய்த்த கையோடு நம் பாட்டிமார் குழந்தையின் இரு கைகளையும் மார்பின் குறுக்கே சேர்த்துப் பிரிப்பார்கள். கால்களை மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுபோய் நீட்டுவார்கள். பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பிரெடரிக் லெபோயே கல்கத்தாவில் ஒரு தாய் கால் நீட்டி அமர்ந்து இப்படி எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு வியந்து, அந்தத் தாயின் பெயரிலேயே 'சாந்தலா' என்ற புத்தகத்தை 1976இல் வெளியிட்டார். கால் மடக்கி நீட்டும்போது வயிற்றில் அடைத்திருக்கும் காற்றும் வெளியேறும். பெரியவர்களுக்கான பவனமுக்தாசனம் செய்யும் வேலையும் அதுதான்.

இனி அம்மாவுக்கு. மார்ஜாரி ஆசனத்தில் தொடங்குங்கள். தரையில் பாய் விரித்து, மேலே பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டு, குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். அதன் இருபுறமும் கைகளை ஊன்றி, முழங்காலிட்டு நில்லுங்கள். தாலிச் சரடு தொங்கினால் குழந்தை பிடித்து இழுக்கும். முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை உயர்த்தி நிமிருங்கள். விடும்போது முதுகை மேலே வளைத்து, தலையைத் தாழ்த்திக் குழந்தையைப் பாருங்கள். உங்கள் முகம் விலகிப் போய் மறுபடி வருவது அதற்கு ஒரு விளையாட்டு. நான்கு மாதக் குழந்தையாக இருந்தால் அடுத்த முறை முகம் வருவதற்குள் காலை உதைத்துச் சிரிக்கும். இறுகிய தோளும் முதுகும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து இளகும்.

அடுத்து சேதுபந்தாசனம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். தலை நன்றாக நின்றுவிட்ட குழந்தையானால், பிறகு அதை அடிவயிற்றில் உட்காரவைத்துத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கைகளை மட்டும் விரித்துச் சேர்க்கலாம். முடிக்கும்போது சவாசனத்தில் குழந்தையை மார்பில் கவிழ்த்துக்கொண்டு மூச்சை நீளமாக விடுங்கள். கண் அயர்கிறது என்றால் குழந்தையைப் பக்கத்தில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள்.

சில எச்சரிக்கைகள் அவசியம். சுகப்பிரசவமானாலும் ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். சிசேரியன் என்றால் அவர் சொல்லும் வரை பொறுங்கள். எழும்போது நடுவயிறு மேடுபோலப் புடைத்தால் தசை இன்னும் சேரவில்லை என்று பொருள். வயிற்றை இறுக்கும் நௌகாசனம் போன்றவை இப்போது வேண்டாம். எப்போதும் ஒருக்களித்துப் புரண்டே எழுந்திருங்கள். உதிரப்போக்கு கூடினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் குடித்த குழந்தையை அரை மணி நேரம் ஓய்வாக விடுங்கள். அதைத் தலைகீழாகத் தூக்குவது, குலுக்குவது, வீசி ஆட்டுவது எதுவும் கூடவே கூடாது. உரம் விழுந்துவிடும் என்று பாட்டி பதறுவதில் நியாயம் இருக்கிறது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ சிணுங்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

சென்னையில் பல்லாண்டுகள் யோகம் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சார்யாவும், அவர் பெயரில் 1976இல் 'யோக மந்திரம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கிய மகன் தேசிகாச்சாரும் ஒன்றை அழுத்திச் சொன்னார்கள். ஆளுக்கு ஏற்றபடிதான் யோகம். யோகத்துக்கு ஏற்றபடி ஆளை வளைக்கக் கூடாது. பழைய இடுப்பளவு எப்போது திரும்பும் என்று ஏங்கும் தங்கைகளுக்கு இதையே நானும் சொல்கிறேன். ஓர் உயிரைச் சுமந்து பெற்ற உடம்பு அது. அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அம்மா பாய் விரிக்கும் பத்து நிமிடத்தில் அடுப்பில் இருக்கும் பாலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் அவளைக் கூப்பிடாதீர்கள். அப்பாவும் பாயின் மறுபக்கம் உட்காரலாம். குழந்தைக்கு அவர் முகமும் விளையாட்டுதான். அவள் வாரக்கணக்கில் காரணமின்றி அழுதாலோ, குழந்தையிடம்கூட ஒட்டுதல் இல்லை என்றாலோ, யோகா போதும் என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

இந்த யோகா தினத்தில் மைதானத்துக்குப் போக முடியவில்லையே என்று எந்த அம்மாவும் வருந்த வேண்டாம். நாளைக் காலை குழந்தை விழித்து, பால் குடித்து அரை மணி நேரம் ஆகி, நல்ல மனநிலையில் இருக்கும்போது பாயை விரியுங்கள். மார்ஜாரி ஆசனம் மட்டும் செய்தால்கூடப் போதும். எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்