விளைவு கொண்டு மட்டும் அளக்கலாமா?

ஆட்டம் முடிந்ததும் வீரர் களத்தை விட்டு அகல்வர். ஆட்டத்தைப் பற்றிய வாதம் அகலாது. கிரிக்கெற் ஆட்டத்திலே ஊறிய நம்மவர்க்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த போட்டியொன்றில், தேநீர் வேளைக்குப் பின் சுழற்பந்து வீச்சாளரை அழையாது விட்ட தலைவனைப் பற்றி, அத்தலைவன் பேரப்பிள்ளை கண்ட பின்னரும் வாதிடுவோர் நம்மிடையே உளர். இத்தகைய வாதத்தை ஒரு கலையாகவே வளர்த்து, அதிலிருந்து ஒரு கணிதத் துறையையும் தோற்றுவித்த பெருமை அமெரிக்க நாட்டுப் பேஸ்போல் இரசிகர்க்கு உரியது. அவர்தம் வாதங்கள் யாவும் ஈற்றில் இரு வினாக்களில் வந்து நிற்கின்றன. ஒரு முடிவு நன்றோ தீதோ என்பதை அதன் விளைவு கொண்டு மட்டும் அளக்கலாமா? ஒரு வீரனின் மதிப்பை அவனுடைய அணி பெற்ற வெற்றி கொண்டு மட்டும் அளக்கலாமா? இவ்விரு வினாக்களும் அடிப்படையில் ஒன்றே என்பதும், இரண்டிற்கும் விடை 'ஆகாது' என்பதும் எமது துணிபு.

பேஸ்போலைப் பழகாதார் பொருட்டுச் சில சொற்கள் கூறுவோம். அணிக்கு ஒன்பதின்மர், ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸிலே மூவர் ஆட்டமிழந்ததும் துடுப்பு எதிரணியின் கைக்குச் செல்லும். கிரிக்கெற்றிலே பந்துவீச்சாளர் இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி வீசுவர். ஓய்வு கொடுக்கப்பட்டவரை அணித்தலைவர் மீண்டும் அழைக்கலாம். பேஸ்போலிலோ எறிவீரர் ஒருவரே, தாம் மாற்றப்படும் வரையில், ஒவ்வொரு பந்தையும் எறிதல் வேண்டும். ஆட்டத்திலிருந்து ஒருமுறை நீக்கப்பட்டாராயின் அன்று மீண்டும் எறிய வருதல் இயலாது. நீக்குவதா விடுவதா என்று தீர்மானிப்பவர் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் முகாமையாளர். மீட்க முடியாத முடிவாதலால் அதன் பாரம் பெரிது. அதைப் பற்றி எழும் வாதமும் பெரிது.

முற்காலத்தில் இவ்வாதத்திற்கு இடம் குறைவு. 1904ஆம் ஆண்டிலே நியூயோர்க் அணியின் ஜாக் செஸ்புரோ என்பார் 48 ஆட்டங்களைத் தாமே தொடங்கித் தாமே முடித்தார். 2022ஆம் ஆண்டிலோ பெரும் லீக்குகளின் 30 அணிகளிலுமுள்ள எறிவீரர் அனைவரும் சேர்ந்தும் அத்தொகையை எட்டவில்லை. இதற்குக் காரணம் இக்காலத்தார் சோம்பேறிகள் என்பதன்று. ஒவ்வொரு பந்தையும் தம் முழு வலிமையோடு எறியும் இவர்களின் தோளும் முழங்கையும் விரைவில் களைப்புறுகின்றன, காயமும் அடைகின்றன. இன்னுமொரு காரணமும் உண்டு. ஒரே எறிவீரரை ஓர் ஆட்டத்தில் மூன்றாம் முறை எதிர்கொள்ளும் துடுப்பாளர், முதன்முறை எதிர்கொண்டதிலும் நன்கு அடிக்கின்றனர் என்பது பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தோர் கண்ட முடிபு. கண் பழகிவிடுகின்றது, கையும் தளர்ந்துவிடுகின்றது. ஆகவே மூன்றாம் சுற்றுத் தொடங்குமுன் எறிவீரரை மாற்றுதல் நன்று என்னும் கொள்கை தோன்றியது.

இக்கொள்கையை மீறி இகழப்பட்டவர் ஒருவர். பேணி இகழப்பட்டவர் மற்றொருவர். அவ்விருவர் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோம்.

2003ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணி, தன் நெடுநாட் பகைவராகிய நியூயோர்க் யாங்கீஸை எதிர்த்து, எட்டாவது இன்னிங்ஸில் 5-2 என முன்னின்றது. எறிந்தவர் பெட்ரோ மாட்டினஸ். அக்காலத்து எறிவீரருள் தலைசிறந்தோர் வரிசையில் வைத்தெண்ணப்பட்டவர். ஆயினும் 100 பந்துகளைக் கடந்ததும் அவருடைய திறன் குன்றுவது பதிவுகளால் அறியப்பட்டிருந்தது. ஏழாவது இன்னிங்ஸின் முடிவிலேயே அவர் 100 பந்துகளை எறிந்துவிட்டார். எட்டாவதில் ஒருவர் ஆட்டமிழந்த பின், ஜீற்றரும் வில்லியம்ஸும் அடுத்தடுத்து அடித்தனர். ஓர் ஓட்டம் வந்தது. முகாமையாளர் கிரேடி லிட்டில் மேட்டிற்கு நடந்து சென்று மாட்டினஸோடு பேசினார்; பேசியபின் அவரை அங்கேயே விட்டுத் திரும்பினார். மட்சுயி அடித்தார், பொசாடாவும் அடித்தார், ஆட்டம் 5-5 எனச் சமநிலையுற்றது. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஒரே அடியில் பொஸ்ரன் தோற்றது. அவ்வாண்டில் 95 வெற்றிகளை ஈட்டிய அணியை நடத்திய லிட்டிலின் ஒப்பந்தம் அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை.

2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள். கொள்ளைநோய்க் காலமாதலால் உலகத் தொடர் ரெக்சாஸ் மாநிலத்து மைதானமொன்றில் நிகழ்ந்தது. ஆறாவது ஆட்டத்திலே தம்பா பே அணி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணிக்கெதிராக 1-0 என முன்னின்றது. அதன் எறிவீரர் பிளேக் ஸ்னெல், ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்த நிலையில், 73 பந்துகளே எறிந்திருந்தார். இரண்டே அடிகளைக் கொடுத்திருந்தார். ஒன்பதின்மர் அவருடைய பந்தை அடிக்க இயலாமலே ஆட்டமிழந்திருந்தனர். அடுத்து வரவிருந்த பெற்ஸ், சீகர், ரேணர் ஆகிய மூவரும் அன்று அவரை இவ்விருமுறை எதிர்கொண்டு, ஆறு முறையும் அவ்வாறே வீழ்ந்தவர்கள். அவர்கள் மூன்றாம் முறை எதிர்கொள்ளுமுன், முகாமையாளர் கெவின் காஷ் ஸ்னெல்லை நீக்கி நிக் அண்டர்சனை அழைத்தார். பெற்ஸ் உடனே அடித்தார். சில நிமிடங்களில் டொட்ஜர்ஸ் 2-1 என முந்தியது. ஈற்றில் 3-1 என வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது.

முதல் ஆட்டத்தின் பின் இரசிகர் கூறியது யாது? 'எண்களை மதியாது மனம்போனபடி நடந்தான். ஆகவே தோற்றான்' என்பது. இரண்டாம் ஆட்டத்தின் பின் கூறியது யாது? 'கண்ணெதிரே நின்ற வீரனை மதியாது எண்களுக்கு அடிமையானான். ஆகவே தோற்றான்' என்பது. இரு கூற்றிலும் 'ஆகவே' என்னும் சொல்லே எமக்கு உடன்பாடற்றது. பொசாடா அடித்த பந்து எளிதாய் மேலெழுந்து களத்தடுப்பாளர் நடுவே வீழ்ந்தது. அது ஒருவர் கையில் அகப்பட்டிருப்பின், லிட்டில் வீரனின் உள்ளமறிந்த பேரறிஞர் எனப் போற்றப்பட்டிருப்பார். பந்து வீழ்ந்த இடம் ஒருவனின் அறிவை அளக்கும் கோலாகுமா?

ஒரு முடிவை ஆராயப் புகுவோர் தம்மை முடிவெடுத்த கணத்திலே நிறுத்திக் கொள்ளல் வேண்டும். அக்கணத்தில் அறியக் கிடந்தவை யாவை? அவற்றுள் எவை எண்ணப்பட்டன, எவை விடப்பட்டன? இவ்வழி நோக்கின், லிட்டிலின் முடிவு பொசாடாவின் துடுப்புப் பந்தைத் தொடுமுன்னரே பிழைபட்டதாகும். எறிவீரர் களைத்திருந்தார், இருவர் அடுத்தடுத்து அடித்துவிட்டனர், அவ்வாண்டின் இறுதிச் சுற்றுகளில் செம்மையாய் எறிந்துவந்த மாற்று வீரர் இருவர் ஆயத்தமாய் இருந்தனர். காஷின் முடிவோ இரு கூறுடையது. ஸ்னெல்லை நீக்கியது வாதத்திற்கு இடமானது. ஆறு முறை வீழ்ந்தவர் ஏழாம் முறையும் வீழ்வர் என்பதற்கு உறுதியில்லை. ஆறு மிகச் சிறிய தொகை. அதனை எண்ணுவோர் பல்லாயிரம் ஆட்டங்கள் காட்டும் போக்கையும் எண்ணுதல் வேண்டும். ஆனால் அவருக்குப் பதிலாக அண்டர்சனை அழைத்தது எவ்வாற்றானும் காத்துரைக்க அரிது. அவர் அதற்குமுன் எறியவந்த ஆறு ஆட்டங்களிலும் ஓட்டங் கொடுத்தவர். 'இவரை நீக்கலாமா' என்று வினவுவது பாதி வினா. 'இவரை நீக்கி எவரை வைப்பது' என்பதே முழு வினா. இரசிகருட் பலர் முற்பாதியோடு நின்றுவிடுகின்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கழகங்களின் நோக்கும் சிறிது மாறியதென்று கூறலாம். லிட்டில் பதவியிழந்தார், காஷோ நிலைத்தார். 2020ஆம் ஆண்டின் சிறந்த முகாமையாளர் விருது, இறுதிச் சுற்றுகளுக்கு முன்னரே அளிக்கப்பட்ட வாக்குகளின்படி, அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டும் அதனை அவரே பெற்றார்.

இனி, வீரனின் மதிப்பைப் பற்றிய வினாவிற்கு வருவோம். பேஸ்போலிலே ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் எறிவீரரொருவரின் பெயரிலே பதியப்படும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் எறிவீரர் ஓட்டங்களைத் தடுக்கவல்லாரேயன்றித் தம் அணிக்கு ஓட்டங்களைப் பெரிதும் எடுத்துத் தரவல்லார் அல்லர். 1987ஆம் ஆண்டிலே ஹூஸ்ரன் அணியின் நோலன் றயன், தேசிய லீக் முழுவதிலும் மிகக் குறைந்த ஓட்டச் சராசரியாகிய 2.76ஐப் பெற்றார், 270 பேரை அடிக்க விடாது வீழ்த்தி அதிலும் முதன்மையுற்றார். அவர் பெயரிற் பதியப்பட்டவையோ 8 வெற்றியும் 16 தோல்வியும். அவருடைய அணியினர் ஓட்டமெடுக்கத் தவறியதன் பழி அவர் பெயரில் எழுதப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த எறிவீரருக்குரிய சை யங் விருது அவருக்குக் கிடைக்கவில்லை.

2010இல் நிலைமை மாறியது. 101 ஆட்டங்களில் தோற்ற சியாற்றில் அணியிலே எறிந்த பீலிக்ஸ் ஹெர்ணாண்டஸ், 13 வெற்றியும் 12 தோல்வியுமே பெற்றிருந்தும், 2.27 என்னும் சராசரிக்காக அதே விருதை அடைந்தார்; 21 வெற்றி பெற்ற யாங்கீஸ் வீரர் சபாத்தியா அவருக்குப் பின்தள்ளப்பட்டார். 2018இல் 10 வெற்றியும் 9 தோல்வியும் பெற்ற ஜேக்கப் டிகுரொம், 1.70 என்னும் அரிய சராசரியோடு தேசிய லீக்கின் விருதை வென்றார். தோழரின் குறைக்காக ஒருவனைத் தாழ்த்தலும், தோழரின் நிறைவுக்காக ஒருவனை உயர்த்தலும் முறையல்ல என்பதை வாக்களிப்போர் உணர இத்தனை காலம் சென்றது.

இம்மாற்றத்தை விளைத்தவர் எவர்? கழக உரிமையாளர் அல்லர். பெரும் பத்திரிகையாளரும் அல்லர். இரசிகரே. 1971இல் பேஸ்போல் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை இரசிகர் சிலர் நிறுவினர். கன்சாஸ் மாநிலத்திலே தொழிற்சாலையொன்றில் இராக்காவல் புரிந்த பில் ஜேம்ஸ் என்பார், காவல் வேளையிலே ஆட்டப் பதிவுகளைக் கூட்டியும் வகுத்தும் பார்த்து, 1977இல் தம் ஆராய்ச்சியைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். முதலில் வாங்கினோர் மிகச் சிலர். பின்னாளில் பொஸ்ரன் அணியே அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 2004இல் அவ்வணி 86 ஆண்டுகளின் பின் உலகத் தொடரை வென்றது. அவ்வெற்றி பலர் உழைப்பின் பயன்; அதனை ஜேம்ஸ் ஒருவர்க்கே உரித்தாக்குதல் நாம் மேலே மறுத்த பிழையேயாகும். நாம் கூற விழைவது இதுவே: சான்றோடு வாதிடும் இரசிகர் ஆட்டத்தின் போக்கையே திருத்த வல்லவர்.

எண்களே யாவும் என்பாரும் உளர். அவர்க்கும் நாம் ஒன்று கூறுவோம். இக்காலத்தில் துடுப்பு, ஓட்டம், களத்தடுப்பு, எறிதல் அனைத்தையும் கூட்டி, ஒரு வீரனால் அணிக்கு எத்தனை வெற்றி மிகுந்தது என ஒரே எண்ணிற் கூறும் முறை உண்டு. அது பயனுடையதே. 2012இல், மூன்று துடுப்பாட்டப் பட்டங்களையும் ஒருங்கே பெற்ற மிகுவெல் கப்ரேராவா, களத்தடுப்பிலும் ஓட்டத்திலும் சிறந்த இளைஞர் மைக் ட்ரௌட்டா அதிக மதிப்புடையவர் என்னும் வாதம் அமெரிக்காவைக் கலக்கியபோது, கண்ணிற்படாத பணிகளுக்கும் கணக்குண்டு என்பதை அம்முறையே மக்களுக்கு உணர்த்தியது. வாக்களித்த 28 பேரில் 22 பேர் கப்ரேராவை முதல்வராகத் தெரிந்தனர். ஆயினும் அவ்வெண்ணைக் கணிக்கும் நிறுவனங்கள் ஒரே வீரர்க்கு வெவ்வேறு தொகை கூறுவதுண்டு. சான்று நீதிபதியாகாது; நீதிபதி தீர்ப்பளிக்க உதவுவதே சான்று.

எண்ணில் அடங்காதது ஒன்றை 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் மினியாப்பொலிசில் இரசிகர் கண்டனர். டொட்ஜர்ஸ் அணியின் கிளேற்றன் கேர்ஷா ஏழு இன்னிங்ஸில் ஒருவரையேனும் தளத்தை அடையவிடவில்லை. 80 பந்துகளே எறிந்திருந்தார். ஒருவரும் தளமடையாத முழு ஆட்டம் என்பது பெரும் லீக்குகளின் நெடிய வரலாற்றில் 2023 வரை 24 முறையே நிகழ்ந்தது. முகாமையாளர் டேவ் ரொபர்ட்ஸ் அவரை நீக்கினார். குளிர் கடுமையாயிருந்தது, அவ்வாண்டின் பயிற்சிக்காலம் குறுகியிருந்தது, முந்திய ஆண்டில் அவர் கையிற் காயமுற்றிருந்தார். கேர்ஷாவே அம்முடிவைக் குறைகூறவில்லை, இரசிகரோ கொதித்தனர். அவர் 2025இல் தம் 3000ஆவது துடுப்பாளரை அடியின்றி வீழ்த்தியதைக் காட்டி, 'ரொபர்ட்ஸ் செய்தது சரி' என்று நாட்ட எமக்கு விருப்பமில்லை. அதுவும் விளைவு கொண்டு அளத்தலே. அன்று அறிந்தவற்றைக் கொண்டே அது தகுந்த முடிவு. ஆயினும் வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கக்கூடிய காட்சியை இழந்தோரின் துயரும் மெய்யானது. அதனை அறியாமை என்று எள்ளுதல் அறிவுடைமையன்று.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என மூன்று அதிகாரங்களை வகுத்தார். செயலை ஆராய்தல் ஒன்று. ஆளை ஆராய்தல் ஒன்று. ஆராய்ந்தவனைத் தக்க வினையில் அமர்த்தல் ஒன்று. பேஸ்போல் இரசிகரின் வாதங்கள் யாவும் இம்மூன்றனுள் அடங்கும்.

விழா ஆண்டு என்பது கணக்கெடுக்கும் ஆண்டு. வென்ற போட்டிகளையும் பல்கலைக்கழகம் புகுந்தோர் தொகையையும் பெருமையோடு எண்ணுகின்றோம், எண்ணுதல் தகும். ஆனால் பின்தங்கிய வகுப்பை ஏற்று, பத்துப் பேரைக் கரையேற்ற முயன்று நால்வரையே கரையேற்றிய ஆசிரியரின் பெயர் அக்கணக்கில் எங்கே எழுதப்படும்? எட்டு வெற்றியும் பதினாறு தோல்வியும் பெற்ற றயனைப் போன்றோர் எல்லாக் கல்விச்சாலைகளிலும் உளர். இக்கட்டான வேளையில் அறிந்தவற்றையெல்லாம் எண்ணி நேர்மையாய் முடிவெடுத்தும், பயன் கைகூடாமையால் பழிசுமந்த தலைவர்களும் உளர். அவர்களை மீண்டும் நினைந்து, விளைவு என்னும் ஒற்றைக் கோலை ஒருபுறம் வைத்து, அவர்தம் செயலை நடுநிலையோடு அளந்து பார்த்தல் பழைய மாணவராகிய நம் கடனாகும்.