கண்ணாடிப் பெட்டிக்கு அருகே தாய்க்கும் ஒரு கட்டில்

ஊர் வைத்தியசாலைக்கு உதவ நினைக்கும் புலம்பெயர் உறவுகள் முதலில் கேட்பது, "என்ன மெஷின் வேணும்?" என்பதைத்தான். குறைமாதக் குழந்தைகளின் பிரிவென்றால் இன்கியுபேட்டரா, வென்டிலேட்டரா என்ற கேள்வி உடனே வந்துவிடும். அந்த ஆவலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும்கூட யாழ்ப்பாணக் குடாநாடு தவித்தது. தேசிய மின்கட்டமைப்பிலிருந்து நெடுங்காலம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அதற்கு முன்பே, 1987 ஒக்டோபரில், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த இந்திய அமைதிப்படை நோயாளரோடு வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் ஒருவர். இவ்வளவையும் கண்ட வைத்தியசாலைக்கு நல்ல கருவியாக வாங்கி அனுப்ப வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இன்று என்னிடம் கேட்டால், குழந்தையின் இன்கியுபேட்டர் பெட்டிக்கு அருகே தாய்க்கு ஒரு கட்டில் போட இடம் கட்டித் தாருங்கள் என்பேன்.

கருவிகளையும் மருந்துகளையும் குறைத்துச் சொல்லவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்தி, ஏறத்தாழ 2.1 கிலோ எடையோடு பிறந்தான். நுரையீரல் விரியாமல் இரண்டே நாளில் இறந்தான். அந்த எடையுள்ள குழந்தை இன்று யாழ்ப்பாணத்தில் பிறந்தால், பிழைத்து வீடு போகும் என்றே பெற்றோர் நம்பலாம். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீரோய்ட் ஊசி, மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சீபாப், நுரையீரலுக்குள் செலுத்தும் சர்ஃபக்டன்ட் மருந்து ஆகியவை தந்த மாற்றம் இது.

ஆயினும் கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் போதாது. 2022 பொருளாதார நெருக்கடியில், பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் விடும் சின்னக் குழாய்க்கே நாட்டில் தட்டுப்பாடு வந்தது. பாவித்த குழாய்களைக் கழுவிக் கிருமிநீக்கி வைக்கச் சொல்லியிருப்பதாக, பேறுகால மருத்துவச் சங்கத்தின் தலைவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. குழாய் இல்லாத வென்டிலேட்டரால் ஒரு குழந்தைக்கும் மூச்சுக் கொடுக்க முடியாது.

கருவியை மட்டுமே நம்பாத வழியும் உண்டு. இன்கியுபேட்டர் போதாமல் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978இல் எட்கர் ரே என்ற வைத்தியர் குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற அது, ஏழை நாடுகளுக்கான மாற்றுவழி என்றே பலகாலம் கருதப்பட்டது. குழந்தையின் நிலை சீரான பிறகே மார்பில் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து வைத்தியசாலைகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தபோது அந்த எண்ணம் மாறியது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்து, நாளுக்கு ஏறத்தாழ 17 மணிநேரம் வைத்திருந்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7 இலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகள் அதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

17 மணிநேரம் என்றால் தாய் அங்கேயே வாழ வேண்டும். சிசேரியன் காயம் ஆறாதவளுக்குக் கட்டில், குளியலறை, நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். அவளுடைய இரத்த அழுத்தத்தையும் காயத்தையும் பார்க்க அதே அறையில் ஒரு தாதி வேண்டும். சிக்கல் இங்கேதான். தாய் மகப்பேற்று விடுதியின் பொறுப்பு, பிள்ளை குழந்தைகள் பிரிவின் பொறுப்பு என்று வைத்தியசாலைகள் பிரித்தே பழகியவை. நெடுந்தீவுத் தாயை நினைத்துப் பாருங்கள். துண்டு வெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பிள்ளையைப் பார்க்கக் குறிகட்டுவானுக்கு ஒரு மணிநேரப் படகு, பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆறு வாரம் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளைக்குத் தாயின் பாலும் சூடும் எப்படிக் கிடைக்கும்?

பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் 31 நாள் ஒரே அறையில் வைத்து, சரக்கரைத்த கறி கொடுத்துப் பார்த்த ஊர் இது. துடக்கு என்ற காரணம் எனக்கு ஏற்பில்லை. அந்த ஏற்பாட்டில் இருந்த கவனிப்பு ஏற்புடையது. பச்சை உடம்புக்காரி வெளியே திரியக்கூடாது என்று தடுக்கும் அம்மம்மாவையும் சேர்த்தே இந்தத் திட்டம் போட வேண்டும். தாய் சற்றுக் கண்ணயரும் நேரத்தில் தகப்பனோ அம்மம்மாவோ பிள்ளையை மார்பில் வைத்திருக்கலாம்.

போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழ் இருக்கின்றன. இரு நிர்வாகங்களும் மகப்பேற்று, குழந்தை வைத்திய நிபுணர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, தாயும் பிள்ளையும் ஒன்றாகத் தங்கும் பிரிவுக்கான வரைபடத்தைப் போட வேண்டும். தாதியரை நியமிப்பது அரசின் கடமை. கட்டடம், கட்டில், சாய்கதிரை, குளியலறை, கருவிகளின் வருடாந்தப் பராமரிப்புச் செலவு ஆகியவற்றைப் புலம்பெயர்ந்தோர் ஏற்கலாம். அடுத்த நன்கொடைக்குக் கையொப்பமிடும் முன், இந்தப் பிரிவில் இரவு எத்தனை தாய்மார் தங்கலாம் என்று கேளுங்கள்.