மலையில் தீ வைக்காதீர்கள்: கண்ணமங்கலம் வட்டார மக்களுக்கு வேண்டுகோள்



போன வாரம் ஜவ்வாது மலைச் சரிவு எரிந்ததை நாம் மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். சிலர் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அணைக்கப் போனது வனக்காவலர்களும், பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடிய சில மலைக்கிராமத்து ஆட்களும்தான்.

மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று இனியும் கதை சொல்ல வேண்டாம். ஆட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துகிறவர் உண்டு. முயல் வேட்டைக்கு வைக்கிறவர் உண்டு. பீடித்துண்டை அணைக்காமல் வீசுகிறவர் உண்டு. மலை எரிந்தால் மழை வரும் என்று நம்புகிறவரும் நம்மிடையே இருக்கிறார்.

மழையைப் பற்றியே பேசுவோம். மழையைக் குலைப்பது காற்றின் சூடு, சூட்டைக் கூட்டுவது கரியமில வாயு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு, ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கிய 1958-ல் 315. 2025 மே மாதம் 430-ஐத் தாண்டிவிட்டது. அளவெடுத்த காலத்திலேயே மிகச் சூடான ஆண்டு 2024. அந்தக் கோடையில் வேலூர் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரேயடியாகக் கொட்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணில் ஏழு பேர் புதைந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். எந்த மலை எரிந்ததால் வந்த மழை அது?

மலைச்சரிவில் சருகும் புதரும் இருந்தால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும். வெந்த சரிவில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். நூறு நாள் வேலையில் வேலூர் மாவட்டப் பெண்கள் நாகநதியில் உறைகிணறு இறக்கி நிலத்தடி நீரைத் தேற்றினார்கள். அவர்கள் கீழே பாடுபட, நாம் மேலே கொளுத்துகிறோம்.

நெய்வேலியிலும் வடசென்னையிலும் அனல்மின் நிலையங்களில் கரி எரிவதைக் கேட்காமல் எங்களைக் கேட்கிறீர்களே என்பீர்கள். நியாயம்தான், அங்கேதான் பெரும்புகை. அதையும் கேட்போம். ஆனால் ஒரு டன் காய்ந்த கட்டை எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயு கிளம்புகிறது. அதை உறிஞ்ச வேண்டிய கன்றுகளும் கூடவே கருகுகின்றன. மலைவாழ் மக்கள் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் வேண்டாம். அடிவாரத்துத் தீ அடிவாரத்து ஆட்கள் வைப்பது.

மாசி முதல் வைகாசி வரை தீப்பெட்டியோடு காட்டுக்குள் போகாதீர்கள். புகை தெரிந்தால், அது வேலூர் எல்லையா திருவண்ணாமலை எல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வனத்துறைக்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ சொல்லுங்கள்.

காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். இனி தீ வைப்பவர் இன்னார் என்று தெரிந்தால், பங்காளியா மாமனா மச்சானா என்று பார்க்க மாட்டோம், பெயரைக் கொடுப்போம். அப்போது கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு சமரசம் பேச வராதீர்கள்.

இப்படிக்கு,
கண்ணமங்கலம் மலையடிவார விவசாயிகள், இளைஞர்கள்