கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் யார்?



தென் டில்லியில் ஒரு காலனி. நம் ஊர் அக்கா ஒருவர் அங்கே நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது, சம்பளத்தை வாங்கி வர நான் போனேன். கேட்டில் காவலாளி மறித்தார். ரயில்வே அடையாள அட்டையைக் காட்டிய பிறகே விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் பிழைக்க வந்தவர்தான். "சங்கத்து உத்தரவு, பாயி சாகிப்" என்றார்.

எந்தச் சங்கம்? குடியிருப்போர் நலச் சங்கம்! பெயர்தான் குடியிருப்போர். பல காலனிகளில் ஓட்டு வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டுமே. வாடகைக்கு இருப்பவர் சந்தா கட்டலாம், கை தூக்க முடியாது. வேலைக்கு வரும் நம் பெண்களுக்கோ அங்கே பேச்சே கிடையாது. ஆனால் எந்த நேரம் வரலாம், எந்த லிஃப்டில் ஏறலாம், எந்தப் பூங்காவில் உட்காரலாம் என்ற விதிகள் யார் தலையில்? அவர்கள் தலையில்தான்! ஓட்டில்லாதவன் மேல் சட்டம் போடுவதற்கு ஜனநாயகம் என்று பெயரா?

பூங்கா என்றதும் 1995 ஜனவரி 30 நினைவுக்கு வருகிறது. அசோக் விஹாரில் பூங்காவைக் கழிப்பிடமாகப் பயன்படுத்திய குற்றத்துக்கு ஓர் இளைஞனை வீட்டுக்காரர்களும் இரண்டு போலீஸ்காரர்களும் அடித்தே கொன்றார்கள். எதிர்த்துத் திரண்ட குடிசை மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் மேலும் நான்கு பேர் மாண்டார்கள். கக்கூஸ் கட்டித் தராத நகரம் உயிரைக் கேட்டது!

2000-இல் ஷீலா தீட்சித் அரசு 'பாகீதாரி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதிகாரிகளும் காலனிச் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பாகீதாரி என்றால் பங்கு. அந்த மேசையில் ஜுக்கிக்காரருக்கு நாற்காலி போடவில்லை. அதே ஆண்டு, குப்பை பற்றிய அல்மித்ரா படேல் வழக்கில், ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்று இடம் தருவது ஜேப்படித் திருடனுக்குப் பரிசு தருவது போல என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஜேப்படித் திருடன்தான் தினமும் அவர்கள் வீட்டைப் பெருக்குகிறான்!

2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்க்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. அதை இடித்தது காலனிச் சங்கம் என்று நான் சொல்லவில்லை. பாராபுல்லா வாய்க்காலை அடைக்கிறது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 370 வீடுகள். ஒரு பகுதியினருக்கு நரேலாவில் வீடு. காகிதம் போதாது என்று மற்றவர் தெருவில். நரேலாவோ நகரின் வடகோடி. அங்கிருந்து காலையில் ஜங்க்புரா வந்து பாத்திரம் தேய்க்க முடியுமா?

இனி நம்மையே கேட்போம். பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் வசூல் செய்தோம். உறுப்பினர் பட்டியல் வைத்தோமா? கூட்டம் நடந்ததற்கு ஒரு நோட்டு உண்டா? வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்தோமா? பணக்காரன் சங்கம் பதிவாவதும் 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில்தான். அதற்கு ஏழு பேர் போதும். ஏழு பேர் நம்மிடம் இல்லையா?

நரேலாவில் வீடு பெற்றவர்களே! இப்போது நீங்களும் வீட்டுக்காரர்கள். நீங்களும் சங்கம் அமையுங்கள். வாடகைக்கு வருபவருக்கும் ஓட்டுக் கொடுங்கள். பெண்களைக் கமிட்டியில் உட்கார வையுங்கள். கணக்கை மாதாமாதம் சுவரில் ஒட்டுங்கள். வீடு கிடைக்காத நம் மக்களுக்காக முதல் மனுவை எழுதுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அங்கே ஒரு கேட் போட்டு, இன்னோர் ஏழையிடம் அட்டை கேட்காதீர்கள்!