மானைக் காப்பது வேலியா, நீரா?

மணிப்பூர் என்றதும் நம்மில் பலருக்கு நடனம் நினைவுக்கு வரும். அந்த மண்ணில் ஆடுவது மனிதர் மட்டுமல்ல. மான் ஒன்றும் ஆடுகிறது. சங்காய் என்பது அதன் பெயர். மிதக்கும் புல்தரையில் கால் பதித்து அது நடக்கும் நடையே ஆட்டம் போல் இருப்பதால், 'ஆடும் மான்' என்ற பெயரும் அதற்கு உண்டு. அது காட்டு விலங்காக உரிமையோடு வாழும் இடம் இன்று உலகில் ஒன்றே ஒன்றுதான். மலைகள் சூழ்ந்த லோக்டாக் ஏரியின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்காவே அது. அங்கே செல்லும் மாணவர் எதைக் கண்டு திரும்ப வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைத் தோழர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

2022 டிசம்பரில் மாணவர் சிலர் சேர்ந்து அங்கே சென்றோம். இம்பாலிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 1944 ஏப்ரலில் இந்திய தேசிய இராணுவம் கொடியேற்றிய மொய்ராங் வழியில் இருக்கிறது. மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்த படையல்லவா? அங்கே சற்று நின்றுவிட்டே நடந்தோம். மறுநாள் விடியலில், பூங்காவுக்குள் உள்ள குன்றின் மேல் காட்சிக் கோபுரத்தில் ஏறினோம். பனி விலக விலக, பச்சையும் மஞ்சளுமாய் நாணலும் புல்லும் தெரிந்தன. வெகுதொலைவில் மூன்று மான்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் கொம்பு தெரிந்தது. 'இவ்வளவுதானா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். 'இன்னும் கிட்டே போகலாமா?' என்றார் இன்னொருவர். விலங்கைக் கண்ணால் கண்டால்தான் பயணம் பயன்பட்டது என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் அங்கே பார்க்க வேண்டியது மான் அல்ல. மான் நிற்கும் தரை.

அந்தத் தரை தரையே அன்று. அழுகிய செடிகொடிகளும் வேரும் மண்ணும் பின்னிப் பிணைந்து, பாய் விரித்தாற்போல் ஏரியின் மேல் மிதக்கும் திட்டு அது. பும்தி என்று அவ்வூரார் சொல்வார்கள். மெல்லியதும் உண்டு, 2 மீட்டர் வரை தடித்ததும் உண்டு. பனிக்கட்டியைப் போல அதன் பெரும்பகுதி நீருக்குள் கிடக்கும். சிறுபகுதியே மேலே தெரியும். அதன் மீது நாணலும் காட்டுப் புல்லும் வளர, அதை மேய்ந்து மான் வாழ்கிறது. உலகில் மிதக்கும் தேசியப் பூங்கா இது ஒன்றே என்று சொல்வது இதனால்தான்.

1951-இல் இந்த மான் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 1953-இல் இ. பி. ஜீ என்ற இயற்கை ஆய்வாளர் அது இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். 1975-இல் எண்ணியபோது 14 மான்களே இருந்தன. 1977-இல் 40 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாயிற்று. 2016-இல் எண்ணிக்கை 260. பதினான்கு இருநூற்று அறுபதாகியது சிறிய செயலன்று. வேட்டையைத் தடுத்த காவலருக்கும், 'இது எங்கள் மான்' என்று எழுந்து நின்ற ஊர்மக்களுக்கும் அந்தப் புகழ் உரியது.

ஆனால் மானைக் காத்த நாமே மானின் தரையைக் கரைத்துவருகிறோம் என்பதுதான் வேதனை. நீர்மின் திட்டத்துக்காக மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் என்ற இடத்தில் தடுப்பணை கட்டினார்கள். 105 மெகாவாட் ஆற்றலுள்ள மின் நிலையம் 1983-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் ஏரி மழைக்காலத்தில் ஏறும், கோடை வருமுன் இறங்கும். இறங்கும்போது பும்தியும் உடன் இறங்கி அடிமண்ணைத் தொடும். வேர்கள் சேற்றில் ஊன்றி உணவு எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் தடித்து எழுந்து மிதக்கும். அணை வந்தபின் நீர் ஆண்டு முழுதும் உயர்ந்தே நிற்கிறது. பும்தி அடிமண்ணைத் தொட வழியில்லை. பட்டினி கிடந்து ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. மெலிந்த பாயில் மானின் கால் பொத்துக்கொண்டு இறங்குகிறது.

நம்மூர்க் குளத்தை எண்ணிப் பாருங்கள். கோடையில் வற்றும். வற்றிய தரையில் ஆடு மாடு மேயும். வண்டலை அள்ளி வயலுக்கு இடுவார்கள். ஐப்பசியில் மீண்டும் நிரம்பும். வற்றுவது குளத்தின் சாவு அன்று, அதன் ஓய்வு என்பது நம் உழவருக்குத் தெரியும். லோக்டாக்குக்கு அந்த ஓய்வை மறுத்துவிட்டோம். ததும்பி நிற்கும் ஏரியைக் கண்டு 'என்ன அழகு!' என்று நாங்களும்தான் வியந்தோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நீருக்கும் பொருந்தும் போலும்.

இழப்பு மானுக்கு மட்டுமா? ஏரிக்கரையில் பயிரிட்டவர்களின் வயல்கள் நீரில் மூழ்கின. பர்மா நாட்டு ஆறுகளிலிருந்து ஏறிவரும் பெங்பா மீனுக்கு வழி அடைபட்டது. மணிப்பூரின் மாநில மீன் என்று சிறப்புப் பெற்றது அந்த மீன். 1990-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற லோக்டாக், 1993-இலேயே சீர்கெட்டுவரும் நீர்நிலைகளின் பட்டியலில் இடம்பெற்றது. இருந்தும், பழி விழுந்தது யார் மேல்? 2006-இல் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011-இல் பும்தி மீது வாழ்ந்த மீனவரின் குடிசைகளை அகற்றினார்கள். அவர்களால் ஏரிக்குக் கேடே இல்லை என்று நான் வாதாடவில்லை. குடிசையை அகற்றத் துணிந்த கை, மதகைத் திறக்க மட்டும் ஏன் தயங்குகிறது என்றே கேட்கிறேன்.

'மின்சாரம் வேண்டாமா? விளக்கணைத்துவிட்டு மானைப் பார்ப்பதா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மலைநாட்டுக்கு மின்சாரம் ஆடம்பரம் அன்று. அணையை இடிக்கச் சொல்லவும் இல்லை. ஆண்டுதோறும் வறண்ட பருவத்தில் சில வாரங்களேனும் மதகைத் திறந்து, பும்தி அடிமண்ணைத் தொடும் அளவுக்கு நீரை இறக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதனால் மின் உற்பத்தி குறையும், ஐயமில்லை. அந்தக் குறையை வேறு வழியில் ஈடுசெய்ய நாட்டுக்கு வழிகள் உண்டு. சங்காய்க்கோ வேறு ஏரி இல்லை.

2023 மே மாதம் மூண்ட கலவரத்தால் அம்மாநில மக்கள் பட்ட துயரம் பெரிது. இந்த வேளையில் மானைப் பற்றிப் பேசுவதா என்ற கேள்வியும் எழலாம். ஏரியை நம்பிப் பிழைப்பவரும் அந்த மக்களே. மீனும் கீரையும் வயலும் அவர்களுக்கு மீள வேண்டுமானால் ஏரி உயிரோடிருக்க வேண்டும். மானின் வழக்கும் மனிதரின் வழக்கும் அங்கே ஒரே வழக்கு.

நம்மில் பொறியியல் படிப்போர் உண்டு; பொருளியலும் சட்டமும் படிப்போர் உண்டு. நாளை ஏதோ ஓர் அணையின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்ற கணக்குகள் அதில் தவறாமல் இருக்கும். 'இந்த நீர்நிலைக்கு இறங்கும் பருவம் எது? அதற்கு இடம் வைத்தோமா?' என்ற கேள்வி இருக்காது. அதை நீங்கள் எழுதிச் சேருங்கள். விடுமுறையில் எந்த வனப்பகுதிக்குச் சென்றாலும், 'எத்தனை விலங்கு பார்த்தாய்?' என்று நண்பரைக் கேட்பதற்குமுன், 'அங்கே நீர் எப்படி வருகிறது, எப்போது இறங்குகிறது?' என்று கேளுங்கள். வேலியும் காவலும் மானை வேட்டைக்காரனிடமிருந்து காக்கும். மானின் காலடியைக் காக்க வேண்டியது நீரின் கணக்கு எழுதும் கை. அந்தக் கை நாளை நம்முடையதாகவும் இருக்கலாம்.